நூறு சதவீத அடைப்பு, இரண்டு ஆஸ்பத்திரி: ஒரு லேத் பட்டறைக்காரனின் மதிப்பீடு

என் பையன் மிக்சி வாங்கப் போனாலும் நாலு பேர் எழுதினதைப் படிச்சுட்டுத்தான் போவான். ஆனா எனக்கு நெஞ்சுல கம்பி விடற நேரம் வந்தப்போ, அந்த அனுபவத்தைத் தமிழ்ல எழுதினவங்க ஒருத்தர்கூட அவன் கையில சிக்கலை. அதான் நானே எழுதறேன். வயசு 58. கோயமுத்தூர் கணபதியில 31 வருஷமா சின்னதா ஒரு பட்டறை. ரெண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஓடாத ஒரு ஷேப்பர். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட்டும் புஷ்ஷும் கடைஞ்சு கொடுக்கற வேலை. எனக்கு வைத்தியம் தெரியாது. உலோகத்துக்குள்ள துளை போடறவனுக்கு எங்க பொறுமை வேணும், எங்க நிறுத்தணும்ங்கறது மட்டும் கொஞ்சம் தெரியும்.

ரெண்டு ஆஸ்பத்திரி பேரையும் போடலை. முதல்ல போன இடத்து மேல எனக்கு வருத்தம் இருக்கு. ஆனா அங்க இருக்கற எல்லாரும் மோசம்னு சொல்ல முடியாது. ரெண்டாவது இடத்துல எனக்குப் பண்ணின டாக்டர் நாளைக்கே வேற ஊருக்குப் போயிடலாம். இந்த வேலைக்கு போர்டைப் பார்த்துப் போகக்கூடாது, கம்பி பிடிக்கிற கையைப் பார்த்துத்தான் போகணும்.

முதல்ல என்ன வியாதின்னு சொல்லிடறேன். சாதாரண அடைப்புன்னா எண்பது, தொண்ணூறு சதவீதம்னு சொல்லுவாங்க. அதுல ரத்தம் கசிஞ்சாவது போகும். அந்தச் சந்துல கம்பியை நுழைச்சு, பலூன் ஊதி, குழாய் மறுபடி மூடாம தாங்கற ஸ்டென்ட்ங்கற வலைக்குழலை வெச்சுட்டு ஒரு மணி நேரத்துல வெளிய வந்துடுவாங்க. எனக்கு இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கற கரோனரிக் குழாய்கள்ல வலது பக்கத்துக் குழாய் முழுசா மூடிக் கிடந்தது. மூணு மாசத்துக்கு மேல இப்படி மூடியே கிடந்தா அதுக்கு சி.டி.ஓ.ன்னு பேர், குரோனிக் டோட்டல் அக்லூஷன். நாள் ஆக ஆக உள்ள இருக்கறது நாராகி, சுண்ணாம்பு படிஞ்சு, இறுகிப் போயிடும். படத்துல பார்த்தா குழாய் ஓரிடத்துல வெட்டி விட்ட மாதிரி நிக்குது. இன்னும் கீழே மறுபடியும் மங்கலா ஆரம்பிக்குது. நடுவுல ஒண்ணுமே இல்லை, வெறும் வெற்றிடம்.

அப்போ அந்தக் கீழ்ப் பாதி எப்படி உயிரோட இருந்துச்சு? இடது பக்கக் குழாயிலிருந்து இதயத்தோட நடுச்சுவர் வழியா மயிரிழை மாதிரி கிளைகள் வந்து அதுக்கு ரத்தம் கொடுத்துட்டு இருந்துச்சாம். வாய்க்கால் அடைச்சுக்கிட்டா பக்கத்து வயல்லேர்ந்து வரப்புக்கு அடியில கசிஞ்சு வருமே, அந்தத் தண்ணி மாதிரி. பயிர் சாகாது, ஆனா வெயில் ஏறினா வாடும். நான் சும்மா உட்கார்ந்திருந்தா ஒண்ணும் தெரியாது. லேத்துல ஜாபைப் பிடிக்கற கனமான இரும்புப் பிடியை, அதான் நாலு ஜா சக்கை, கழட்டி மாட்டினா நெஞ்சு இறுகும், இடது தாடை இழுக்கும். ரெண்டு வருஷம் அதை ‘கேஸ்’னு நெனைச்சு ஜெலுசில் குடிச்சேன். அந்த ரெண்டு வருஷத்துக்கு நான் எனக்கே கொடுக்கற மார்க் பூஜ்யம்.

முதல் ஆஸ்பத்திரி. ஆஞ்சியோகிராம் முடிஞ்ச மறுநாளே, “ஒரு பிளாக்தான், போட்டுடலாம்”னு சொன்னாங்க. நூறு சதவீதம்னும் சொன்னாங்க. ஆனா நூறுக்கும் தொண்ணூறுக்கும் என்ன வித்தியாசம்னு யாரும் சொல்லலை, நானும் கேட்கலை. உள்ள கொண்டு போனாங்க. ஒண்ணரை மணி நேரம். எக்ஸ்ரேயில குழாய் தெரியறதுக்காக விடற மையை ஒரே பக்கத்திலிருந்துதான் ஏத்திப் பார்த்தாங்க. அப்புறம் பேச்சு நின்னு போச்சு. வெளிய கொண்டு வந்து, பையன்கிட்ட “ஒயர் போகலை, பைபாஸ் பண்ணிடுங்க”ன்னு ஒரு வரி. குழாய்ச் சுவர்ல கம்பி கொஞ்சம் கிழிச்சிருந்ததுங்கறது எங்களுக்கு ரெண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் தெரியும். சி.டி.ஓ.வுல அது நடக்கக்கூடியதுதானாம், அதுல எனக்குக் கோபமில்லை. அதைச் சொல்லாம அனுப்பினதுதான் கோபம். பில் 1,38,000. அதுல மூணு கம்பிக்குத் தனித்தனியாக் காசு. போகாத கம்பிக்கும் காசுதான். அதுகூட நியாயம், எங்கிட்ட உடைஞ்ச டிரில்லுக்கும் நான் காசு கொடுத்துத்தான் வாங்கறேன்.

பட்டறைக்காரங்களுக்கு ஒரு விஷயம் சொன்னாப் புரியும். வார்ப்புத் துளைக்குள்ள மரை வெட்டும்போது, வெட்டற கருவி, அதான் டேப், உள்ளேயே உடைஞ்சுடும். எங்களுக்கு அதுவும் ஒரு அடைப்புதான். புதுப் பையன்னா ‘எடுத்துடறேன்’னு சுத்தியலும் சென்டர் பஞ்சும் எடுத்து அடிச்சு, துளையையே ஓவலாக்கிடுவான். கை தேர்ந்தவன் முதல்ல கேக்கறது, ‘பின்னாடி வழி இருக்கா?’ன்னுதான். பின்பக்கம் திறந்திருந்தா அங்கிருந்து தட்டி எடுப்பான். வழியே இல்லேன்னா, ‘இது என் மெஷினுக்கு ஆகாது, மின்பொறியால உலோகத்தை அரிச்செடுக்கற ஸ்பார்க் எரோஷனுக்கு அனுப்பு’ன்னு சொல்லி ஜாபைத் திருப்பிக் கொடுத்துடுவான். அப்படித் திருப்பிக் கொடுக்கறவன் பட்டறைக்குத்தான் நான் மறுபடியும் போவேன்.

ரெண்டாவது ஆஸ்பத்திரிக்கு ஒரு பம்ப் கம்பெனி மேனேஜர் சொல்லிப் போனோம். டோக்கன் 14, உள்ள போக ரெண்டே முக்கால் மணி நேரம் ஆச்சு. உட்கார்ற நாற்காலி வரிசையா வெல்டு பண்ணின இரும்பு, ஒருத்தர் எந்திரிச்சா எல்லாரும் ஆடுவாங்க. இதுக்கு மார்க் குறைச்சுட்டேன்.

டாக்டர் சின்ன வயசு, நாற்பது இருக்கும். ஈரோட்டுப் பக்கத்துப் பேச்சு. ஆஞ்சியோகிராம் படம் இருந்த சி.டி.யைத் தொடறதுக்கு முன்னாடி, “அண்ணா, எத்தன படி ஏறுனா நிக்கறீங்க?”ன்னு கேட்டார்.

“பட்டறை மாடிக்கு பதினெட்டுப் படிங்க சார். பன்னெண்டுலயே நின்னுடறனுங்க.”

“மாத்திரை என்னென்ன தின்னறீங்க?”

சொன்னேன். அப்புறம்தான் படத்தைப் போட்டார். இருபது நிமிஷம் முன்னும் பின்னும் ஓட்டினார். ஒரு தாள்ல கோடு போட்டு மார்க் போட்டார். அது என்னன்னு பையன் அப்புறம் தேடிப் பார்த்தான். ஜப்பான்காரங்க வெச்சிருக்கற ஜே-சி.டி.ஓ. ஸ்கோர். அடைப்போட முனை மழுங்கலா இருந்தா ஒண்ணு, சுண்ணாம்பு இருந்தா ஒண்ணு, அடைப்புக்குள்ள 45 டிகிரிக்கு மேல வளைவு இருந்தா ஒண்ணு, நீளம் 20 மில்லிமீட்டரைத் தாண்டினா ஒண்ணு, ஏற்கெனவே முயற்சி பண்ணித் தோத்திருந்தா ஒண்ணு. அஞ்சுக்கு எனக்கு மூணு. மூணுன்னாலே ‘மிகக் கடினம்’ங்கற வகையாம். அந்த மூணுல ஒரு மார்க் முதல் ஆஸ்பத்திரி எனக்குச் சம்பாதிச்சுக் கொடுத்தது.

அதுக்கப்புறம் அவர் சொன்னதுக்காகத்தான் இந்த விமர்சனமே எழுதறேன். “இதைத் திறந்தா நீங்க அதிக நாள் இருப்பீங்கன்னு நான் சொல்ல மாட்டேனுங்க. அதுக்கு ஆதாரம் இல்ல. மூச்சு வாங்கறதும் வலியும் குறையும், அதுக்குத்தான் இந்த வேலை. மாத்திரையிலயே குறைஞ்சுட்டா இது வேண்டாம்.” நாலு லட்ச ரூபாய் வேலையை வேண்டாம்னு சொல்ற கடைக்காரனை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

பையன் சும்மா இருப்பானா, ராத்திரி பூரா தேடினான். டாக்டர் சொன்னது சரிதான். 2018-ல வெளியான யூரோ-சி.டி.ஓ. ஆய்வுல 396 பேர். ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு ஒரு வருஷத்துல நெஞ்சுவலி குறைஞ்சு நடமாட்டம் நல்லா ஆயிருக்கு. கொரியாக்காரங்க நடத்தி 2019-ல வந்த டிசிஷன்-சி.டி.ஓ. ஆய்வுல சாவு, மாரடைப்பு மாதிரி பெரிய விஷயங்கள்ல ரெண்டு பக்கமும் வித்தியாசம் தெரியலை. ஆனா அதுல மாத்திரைப் பக்கம் இருந்த பல பேர் ஸ்டென்ட் பக்கம் தாவிட்டாங்களாம், அதனால தராசு கொஞ்சம் ஆட்டம்தான்னு பையன் சொன்னான்.

மாத்திரையைக் கூட்டிக் கொடுத்து ரெண்டு மாசம் கழிச்சு வரச் சொன்னார். கிழிஞ்ச சுவரும் அதுக்குள்ள ஆறட்டும்னார். ஒரு எக்கோவும், அந்தப் பக்கத்துத் தசைக்கு உயிர் இருக்கான்னு பார்க்க ஒரு ஸ்கேனும். தசை செத்துப் போயிருந்தா குழாயைத் திறந்தும் புண்ணியமில்லை, மோட்டார் எரிஞ்ச பம்புக்கு லைன் போடற மாதிரி. ஸ்கேன்ல உயிர் இருந்தது. மாத்திரையில பன்னெண்டு படி பதினாலு ஆச்சு, அவ்வளவுதான். தலைவலி வேற. சரி, பண்ணிடலாம்னு முடிவாச்சு.

பண்றதுக்கு முதல் நாள் சாயங்காலம் அறைக்கு வந்து ஒரு கணக்குச் சொன்னார். நேரம் மூணரை மணி. மை 300 மில்லி, என் கிட்னி கணக்குக்கு அதுதான் எல்லை. எக்ஸ்ரே கதிர் அஞ்சு கிரே, கிரேங்கறது கதிரை அளக்கற அலகு. “இதுல எது முதல்ல வந்தாலும் நிறுத்திடுவேனுங்க. நிறுத்துனா தோத்துட்டேன்னு அர்த்தம் இல்ல, அப்புறம் பார்த்துக்கலாம்.” பெரிய ஆபத்து என்னென்னன்னும் மறைக்காமச் சொன்னார். குழாய் ஓட்டையாகி இதய உறைக்குள்ள ரத்தம் சேரலாம், மையினால கிட்னி அடி வாங்கலாம், முதுகுத் தோல்ல கதிர் புண் வரலாம். என் வீட்டம்மா, “ஏனுங்க, வேண்டாமுன்னு வந்துரலாமா?”ன்னா. எனக்கு நேரெதிராத் தோணுச்சு. எங்க நிறுத்துவேன்னு முன்கூட்டியே சொல்ற ஆள்கிட்ட படுக்கலாம்னு தோணுச்சு.

காலைல எட்டுக்குச் சொல்லிட்டு பதினொண்ணேகாலுக்குத்தான் கூட்டிட்டுப் போனாங்க. நேத்து ராத்திரியிலிருந்து பட்டினி. சம்மதப் படிவம் ஆறு பக்கம், முழுக்க இங்கிலீஷ், கையெழுத்துப் போட பத்து நிமிஷம். ஆள் வாயால அவ்வளவு நல்லாச் சொல்லிட்டு, தாள்ல இப்படிப் பண்றாங்க. இதுக்கு ஒரு மார்க் அவுட்.

மயக்கம் கொடுக்கலை, மரப்பு ஊசிதான். வலது மணிக்கட்டுல ஒரு வழி, தொடை இடுக்குல ஒரு வழி. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல மை விட்டாங்க. மேலேயிருந்தும் கீழேயிருந்தும் குழாய் தெரிஞ்சப்போ, முதல் ஆஸ்பத்திரியில வெற்றிடமாத் தெரிஞ்ச இடம் எவ்வளவு நீளம்னு தெளிவாயிடுச்சு. இருபத்தாறு மில்லிமீட்டர். என் குழாயோட விட்டம் அந்த இடத்துல மூணு மில்லிமீட்டர். எங்க கணக்குல ஒரு நூலுக்கும், அதாவது அங்குலத்துல எட்டுல ஒரு பங்குக்கும், ஒரு மயிர் கம்மி.

கம்பியைப் பத்தி எனக்கு ஆசை தீரப் பேசணும். விட்டம் ஒரு அங்குலத்துல ஆயிரத்துல 14 பங்கு, அதாவது 0.36 மில்லிமீட்டர். முனை இன்னும் ஒல்லி. ஒவ்வொரு கம்பிக்கும் முனை எத்தனை கிராம் பாரத்துல வளையும்னு ஒரு எண் இருக்கு. முதல்ல விடறது ஒரு கிராம்கூட இல்லாத பூனை மீசை. கடைசியில எடுக்கறது பன்னெண்டு கிராம், அதுக்கு மேலயும் உண்டு. பாதிக் கம்பிகள் ஜப்பான்ல அசாஹி இன்டெக்னு ஒரு கம்பெனியோடது. அவங்க ஆரம்பத்துல தொழிற்சாலைக்கு மெல்லிசான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கயிறு முறுக்கின ஆளுங்க! முறுக்குக் கம்பி செஞ்சவன் இதயக் கம்பிக்கு வந்திருக்கான்னு கேட்டப்போ படுத்துக்கிட்டே எனக்குப் பெருமையா இருந்துச்சு. எங்க சிட்கோ தொழிற்பேட்டையிலயும் எவனாவது ஒருத்தன் பண்ணுவான்.

முன்பக்கம் நாற்பது நிமிஷம் பார்த்தார். கம்பி உள்ள போய் சுவருக்குள்ளயே திரும்பிட்டு நின்னுச்சு. அமுக்கலை. “முன்னாடி போதும், பின்னாடி போலாம்”னு சொன்னார். எனக்கு அந்த ஒரு வார்த்தையில பாதி பயம் போச்சு.

பின்வழிங்கறது இதுதான்: இடது குழாய் வழியா இறங்கி, நடுச்சுவர்ல இருக்கற அந்தக் கசிவுக் கிளைக்குள்ள கம்பியை விட்டு, அடைப்போட அடிப்பக்கத்துக்கு வந்து சேர்றது. அந்தக் கிளை தலைமயிர் மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு போகுது. கம்பிக்கு மேல உறை மாதிரி கூடவே போற மெல்லிய குழல்தான் மைக்ரோ கதீட்டர், இதோட பேர் கோர்சேர். அதோட உடம்பே பல மெல்லிய கம்பிகளை முறுக்கிச் செஞ்சது. டாக்டர் அதைத் தள்ளலை, ரெண்டு விரலால திருப்பினார். திருப்பத் திருப்ப மரையாணி மாதிரி தானா நகர்ந்துச்சு. இந்த பின்வழி வித்தையை வளர்த்ததுல ஜப்பான் டாக்டர் ஒசாமு காட்டோவுக்குப் பெரிய பங்கு இருக்குன்னு பையன் சொல்றான்.

பின்பக்கக் கம்பியும் முன்பக்கக் கம்பியும் ஒரே பாதையில சேரணும். முன்பக்கம் சின்ன பலூனை ஊதி இடம் பண்ணி, அந்த இடத்துக்குள்ள பின்பக்கக் கம்பியை நுழைச்சார். அப்புறம் அதே வழியா 330 சென்டிமீட்டர் நீளக் கம்பி ஒண்ணை விட்டு, ஒரு முனை தொடை வழியாவும் மறு முனை மணிக்கட்டு வழியாவும் வெளியே இருக்கற மாதிரி எடுத்தார். கட்டடத்துல வயரிங்காரர் பைப்புக்குள்ள ஜி.ஐ. கம்பி விட்டு அடுத்த பெட்டியில இழுப்பாரே, அதே வேலைதான். அந்தப் பைப் துடிச்சிட்டு இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அரை மணிக்கு ஒருதரம் சிஸ்டரம்மா “ஏ.சி.டி. முந்நூத்திப் பத்து”ங்கற மாதிரி ஒரு எண் சொல்லிட்டே இருந்தாங்க. ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகுதுங்கற கணக்கு. குறைஞ்சா மருந்து சேர்ப்பாங்க. இன்னொரு தம்பி மை எவ்வளவு, கதிர் எவ்வளவுன்னு சத்தமாச் சொல்லுவார். “மை நூத்தித் தொண்ணூறு. ரெண்டு புள்ளி நாலு கிரே.” பட்டறையில மீட்டரைப் பார்த்துட்டே வேலை செய்யறவனைப் பார்த்தா எனக்குப் பிடிக்கும். இங்க மீட்டரைப் படிக்கவே தனியா ஒரு ஆள்.

பலூன் பெருசா ஊதினப்போ வலி வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அதே பழைய தாடை வலி. சொன்னேன். “தெரியும்ணா, இருபது எண்ணுங்க”ன்னார். பதினேழுல குறைஞ்சுது. அப்புறம் குழாய்க்குள்ளயே ஒரு குட்டி அல்ட்ராசவுண்டை விட்டு விட்டம் அளந்து, ரெண்டு ஸ்டென்ட். ஒண்ணோட முனை மேல இன்னொண்ணு ஏறி உட்கார்ற மாதிரி. மொத்தம் மூணு மணி பத்து நிமிஷம், மை 240, கதிர் 3.1. எல்லைக்குள்ள.

முதுகுதான் போச்சு. அந்த மேசை ஒரு பலகை. அடியில வெக்கிற மெத்தை காஞ்ச தோசை மாதிரி இருக்கு. மூணு மணி நேர வேலைன்னு தெரிஞ்சும் ஒரு நல்ல மெத்தை போடக் கூடாதா? தொடையில ரெண்டு வாரத்துக்குக் கத்திரிக்காய்க் கலர்ல ரத்தக்கட்டு. நாலு உள்ளங்கை அகலம்.

பணத்துக்கு வரேன். 3,92,000. மருந்து தடவின ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில அரசாங்கம் 29,600 ரூபாய்னு உச்ச விலை வெச்சுது. அதுக்கு முன்னாடி லட்சத்தைத் தாண்டி வாங்கினாங்க. அடுத்த வருஷம் கொஞ்சம் இறங்கி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏறியிருக்கு. ஆனா இந்த வேலையில காசு ஸ்டென்ட்டுல இல்லை. கம்பி, மைக்ரோ கதீட்டர், பலூன், அல்ட்ராசவுண்டு கதீட்டர், இவைதான் பில்லோட வயிறு. ஸ்டென்ட் உச்சவரம்பு இதுகளுக்குக் கிடையாது. ‘ஸ்டென்ட் விலை குறைஞ்சுடுச்சே’ன்னு நெனைச்சுட்டுப் போனா பில் கவுன்டர்ல நெஞ்சு வலிக்கும். என் பாலிசி அஞ்சு லட்சம். முதல் ஆஸ்பத்திரி அதே வருஷத்துல 1,38,000 தின்னுட்டதால மீதி 3,62,000தான். கையை விட்டு முப்பதாயிரம் கட்டினேன். மறுபடி போறவங்க பாலிசி வருஷம் மாறுற தேதியைப் பார்த்துக்கங்க.

பில்லைக் கேட்டவுடனே வரி வரியாக் கொடுத்தாங்க, பயன்படுத்தின ஒவ்வொரு கம்பிக்கும் ஸ்டிக்கர் ஒட்டி. இதுக்கு முழு மார்க். சாப்பாட்டுக்கு மார்க்கே இல்லை: உப்பில்லாத பொங்கல், அதோட உப்பில்லாத சட்னி. உப்பு ஒண்ணுல குறைச்சா போதாதா?

டிஸ்சார்ஜ் தாள்ல கதிர் எவ்வளவுன்னு எழுதவே இல்லை. உள்ள அத்தனை சத்தமாப் படிச்ச எண் தாள்ல இல்லை. கேட்டு எழுதி வாங்கினேன். அடுத்து எவன் எக்ஸ்ரே மேசையில படுக்க வெச்சாலும் அவனுக்கு அது தெரியணும். அஞ்சு கிரே தாண்டினவங்க முதுகுத் தோலை சில வாரம் கழிச்சுக் காட்டச் சொல்லுவாங்களாம்.

இப்போ ஏழு மாசம் ஆச்சு. ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை, ஒரு வருஷத்துக்கு ஒரு வேளை விடக்கூடாது. நடுவுல பல் பிடுங்கணும்னு ஒரு பல் டாக்டர் அதை நிறுத்தச் சொன்னார். இவருக்கு ஃபோன் போட்டேன், நிறுத்த வேண்டாம்னுட்டார். பதினெட்டுப் படியும் ஏறறேன், மேல போய்த்தான் நிக்கறேன். லேத்தோட அந்தச் சக்கை, பையனோட சேர்ந்து தூக்கறேன். தனியாத் தூக்கினா வீட்டம்மா, “அந்த இரும்பத் தூக்காட்டி ஆகாதாக்கும்?”னு பட்டறை வாசல்லயே வந்து நிக்கறா.

அஞ்சுக்கு நாலு. குறைஞ்ச ஒண்ணு நாற்காலி, படிவம், மெத்தை, பொங்கல் எல்லாம் சேர்த்து. நீங்க போனா மூணு கேள்வி கேளுங்க: வருஷத்துக்கு எத்தனை சி.டி.ஓ. பண்றீங்க, பின்வழி போறவரா, எங்க நிறுத்துவீங்க. மூணாவதுக்கு முகம் சுளிச்சா டோக்கன் காசு போகட்டும், எந்திரிச்சு வந்துடுங்க. முதல் ஆஞ்சியோகிராம் சி.டி.யை எந்த ஆஸ்பத்திரியிலும் விட்டுட்டு வராதீங்க. எங்கிட்ட அதுக்குத் தனியா 500 ரூபாய் வாங்கினாங்க, ரசீதும் கொடுக்கலை.